பேட்டன்ட் விளக்கு

பதுளைக் கடைவீதித் தகரக்காரர் மஹ்ரூப், எந்தக் காற்றுக்கும் அணையாத மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைச் செய்தார். திரியைச் சுற்றித் துளைபோட்ட இரட்டைக் கூடு. இருமல் மருந்துப் போத்தலில் பார்த்த 'பேட்டன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கின் அடியில் பொறித்தார். நல்ல சரக்கு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நினைத்திருந்தார். பதினோரு விளக்குகள் விற்றுப்போயின.

அரசாங்க அலுவலகமான கச்சேரியின் கிளார்க் சிற்றம்பலம் ஒருநாள் விளக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"நானா, பேட்டன்ட் எடுத்தனீங்களோ?"

"எங்க எடுக்கிற சாமான் ஐயா அது?"

"அது சாமான் இல்லை, உரிமை. புதுசாக் கண்டுபிடிச்சதை எப்பிடிச் செய்யிறதெண்டு ஒளிக்காமல் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கவேணும். பிறகு கொஞ்ச வருஷத்துக்கு வேற ஒருத்தரும் அதைச் செய்யேலாது. எடுக்காமல் இந்தச் சொல்லை அடிக்கிறது குற்றம்."

"இப்ப எழுதிக் கேட்டா?"

"ஊரெல்லாம் வித்துப்போட்டீங்களே. புதுசெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அன்று மஹ்ரூப் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "வாயில வைக்காம என்ன யோசனை?" என்று மனைவி ஸைனப் கேட்டதும் காதில் விழவில்லை. பொய்யை அல்லவா ஊரெங்கும் விற்றிருக்கிறோம்!

மறுநாள் அரத்தோடு பஸ் ஏறினார். லுணுகலையில் நான்கு விளக்குகள், பண்டாரவளையில் ஆறு. வீடு வீடாகப் போய் அந்தச் சொல்லை அராவினார். கடைசி விளக்கு அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் ராசம்மாவிடம் இருந்தது.

"எழுத்த எடுத்தா வெளக்கு அணைஞ்சிருமா நானா?"

"அணையாது புள்ள."

"அப்ப அராவுங்க. அடுத்த லயத்து வீட்டுல இருக்கிற செபமாலையும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சிருக்காரு."

மஹ்ரூப் அவசரமாக அராவி முடித்தார். ஓட்டமும் நடையுமாகப் போனார். செபமாலையின் விளக்கு அச்சு அசல் அவருடையதே. அடியில் 'பேட்டன்ட்'கூட இருந்தது, ஓர் எழுத்து தலைகீழாக.

"யார்ட்ட கேட்டுச் செஞ்சீங்க?" என்று கத்தினார்.

"யார்ட்ட கேக்கணுங்க? பாத்தேன், செஞ்சேன். ஆனா கரி பிடிக்குது."

சண்டைக்கு நின்றவருக்குச் சிற்றம்பலம் சொன்னது நினைவுக்கு வந்தது. தடுக்கத் தன்னிடம் என்ன உரிமை இருக்கிறது? விளக்கை வாங்கிப் பார்த்தார். துளைகள் மேலே ஏறியிருந்தன. கைதான் சும்மா இருக்குமா? ஆணியால் கீழே நான்கு துளை போட்டுக் கொடுத்தார். சுடர் தெளிந்தது. அந்தச் சொல்லையும் அராவிவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த மாதம் புகையாத அடுப்பொன்று அவர் மனதில் உருவாயிற்று. இம்முறை தகரத்தை வெட்டவில்லை. படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு, கச்சேரி திறக்குமுன்பே போய், சிற்றம்பலத்துக்காக வாசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.