தீயில் வாட்டிய சிலிண்டர்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் முதுநகருக்கு வந்து சார்லஸைக் கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டான். நடந்ததற்கு அதுவே சாட்சி. வாய் ஓயாமல் பேசுகிற ஆள், போன ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுகிறான்.

அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எந்த மகராசன் சொன்னானோ!

சார்லஸுக்குத் தொழில், பெட்ரோல் வேன்களை கேஸில் ஓட வைக்கிற சி.என்.ஜி. கிட் மாட்டுவது. அந்த ஊரில் அவனை விட்டால் மேதாவி கிடையாது என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் போகிறவனைப் பார்த்தால் சிரிப்பான். "அடுப்பு மேல உக்காந்து போறான் பாரு" என்பான். பெட்ரோல் வண்டிக்காரனைப் பார்த்தால் அதற்கும் ஒரு சிரிப்பு. எங்காவது ரோட்டில் கார் எரிந்த வீடியோ வந்தால் டீக்கடையில் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவான். கேஸ்தான் பத்திரம், கசிந்தாலும் மேலே போய்விடும், தரையில் தேங்காது என்பான். அந்த மட்டும் அவன் சொன்னது சரி. எந்த எரிபொருளும் தானாக யாரையும் கொல்வதில்லை. அதை மாட்டுகிற கைதான் கொல்லும். இவனுடைய கை எப்படிப்பட்டது என்று கேளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு வேன் எரிந்துபோனது. பெட்ரோல் குழாய் விட்டுப்போய், தீ பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த ஒரு பொம்பளைக்கு மட்டும் தள்ளுகதவு திறக்கவில்லை. செத்துப்போச்சு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த வேனில் கேஸ் சிலிண்டரும் இருந்தது. அது வெடிக்கவில்லை.

எரிந்த வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்தவர் வைத்திலிங்கம். சார்லஸ் அவரிடம் போய் அந்த சிலிண்டரை வாங்கி வந்தான். தீயில் பட்ட சிலிண்டரை மறுபடி தொடவே கூடாது, அறுத்துப் போட வேண்டும். கிட் மாட்டுகிற யாருக்கும் இது தெரியும். சார்லஸுக்கும் தெரியும்.

"அட போண்ணே! அவ்ளோ நெருப்புல வெடிக்காதது இனிமேவா வெடிக்கும்? தீயில வாட்டுனா இரும்பு இன்னும் உறுதியாவும்" என்றான். வைத்திலிங்கம் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வியாபாரம்.

கழுத்தில் இருந்த நம்பரைக் கிரைண்டரால் தேய்த்தான். புதுசாக ஒன்றைக் குத்தினான். வெள்ளை பெயின்ட் அடித்தான். கொண்டுபோய் எந்த வண்டியில் மாட்டினான் தெரியுமா? புவனகிரியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஆரோக்கியராஜின் வண்டியில். சொந்தத் தங்கை புருஷன்! மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறப்பு. அந்த வேனில் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள், சிலிண்டர் பின்சீட்டுக்கு அடியில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 2.05. வேனை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆரோக்கியராஜ் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

ஆலப்பாக்கம் தாண்டும்போது வண்டி பின்பக்கம் தாழ்ந்து ஓடுவதுபோல் இருந்தது. காலி வண்டி. ஸ்பிரிங்கும் புதுசு. ரோட்டைத் திட்டிக்கொண்டே ஓட்டினான்.

2.32. புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கேஸ் பங்க். வரிசையில் நின்று இவன் முறை வர 2.50 ஆகிவிட்டது. கேஸ் போடும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது. அது எல்லா பங்க்கிலும் இருக்கிற சட்டம். சார்லஸ் இறங்கி நின்றான். பங்க்கில் வேலை செய்கிற பெண் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாவே நின்றாள்.

"போடும்மா."

"பின்னாடி அம்மாவ எறங்கச் சொல்லுண்ணா."

"எந்த அம்மா? வெயில்ல மூள கீள உருகிப் போச்சா ஒனக்கு?"

அவள் இவனை ஒரு பார்வை பார்த்தாள். ஜன்னல் பக்கம் குனிந்தாள். உள்ளே ஏதோ கேட்டாள். தலையாட்டினாள்.

"எறங்க முடியலயாம்ணா. கதவு சுடுதாம்."

அவளே தள்ளுகதவை இழுத்துத் திறந்தாள். "பாத்து வாங்கம்மா" என்று கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், நடக்க முடியாத ஆளை இறக்கிவிடுகிற மாதிரி. பிறகு கேஸ் போட்டாள். போட்டு முடித்ததும் மறுபடி கதவைத் திறந்தாள். காத்திருந்தாள். மெதுவாகச் சாத்தினாள்.

வண்டியின் பின்பக்கம் கீழே இறங்கியது. சார்லஸ் அதைக் கண்ணால் பார்த்தான்.

"லூசு" என்று முணுமுணுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். வேறு என்ன செய்வான்? பெரிய மெக்கானிக் ஆயிற்றே. 2.58.

பி.முட்லூர் வந்தது. ஒரு வாடை. கேஸ் வாடை இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இது... தலைமுடி கருகுகிற வாடை.

கண்ணாடியில் பார்த்தான். சீட்டு காலி.

டக்.

உள்ளேயிருந்து தள்ளுகதவின் கைப்பிடியை யாரோ இழுக்கிற சத்தம்.

டக்... டக்...

3.20. வெள்ளாற்றுப் பாலம். ரேடியோவைப் போட்டான். சத்தமாக வைத்தான்.

டக். டக். டக். டக்.

பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டினான். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

சத்தம் நின்றது.

பின்னால் ஒரு மூச்சு...

3.25.

சர்ர்ர்ரென்று கதவு தானாகத் திறந்தது.

வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பியது.

யாரோ இறங்கிவிட்டார்கள்.

ரோட்டில் யாரும் இல்லை. பின்சீட்டில் பிரிக்காமல் விட்டிருந்த புது பிளாஸ்டிக் உறை, ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு உருகி ஒட்டிப் போயிருந்தது.

இவ்வளவையும் பார்த்த மனிதன் என்ன செய்ய வேண்டும்? சிலிண்டரைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். இவன் நேராகச் சிதம்பரம் போய் 3.45-க்கு ஆரோக்கியராஜ் கையில் சாவியைக் கொடுத்தான். த்தூ! சொன்னால் குட்டு உடைந்துவிடுமாம்.

"என்னா மச்சான், சீட்டு கவரு உருகிக் கெடக்கு?"

"வெயிலு மாப்ள."

"வண்டி நல்லா இருக்கில்ல? புள்ளைங்க ஏர்ற வண்டி."

"கண்ண மூடிக்கினு ஓட்டு."

ஆரோக்கியராஜ் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனான். சார்லஸ் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். எத்தனையோ பஸ் போனது. ஏறவில்லை. பஸ்ஸின் கதவைத் தொடவே பயம்.

6.10-க்கு வைத்திலிங்கத்துக்கு போன் போட்டான்.

"ண்ணே, அந்த வேன்ல செத்த பொம்பள யாருண்ணே?"

"வேன்ல எங்கய்யா செத்துச்சு? மூணு வாரமா ஆஸ்பத்திரில இல்ல கெடந்துச்சு. இருசம்மாளுன்னு பேரு. இன்னிக்கித்தான் போச்சு. எம் பொண்டாட்டி தெரிஞ்சவங்கன்னு பாக்கப் போயி பக்கத்துலயே இருந்துச்சு."

"எத்தினி மணிக்கு?"

"மூணு இருவத்தஞ்சு."

சார்லஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மூணு வாரமா வாயே தொறக்கலயாம். இன்னிக்கி ரெண்டு மணிலேர்ந்து ஒரே பேச்சு. கதவு சுடுது, பதினாலு புள்ளைங்களையும் எறக்குங்கன்னு. அந்த வண்டியில ஏதுய்யா புள்ளைங்க? ஒண்ணுகூட இல்ல. காச்சல்ல பெனாத்துதுன்னு உட்டுட்டாங்க."

போனை வைத்தான். உடனே ஆரோக்கியராஜைக் கூப்பிட்டான்.

"மாப்ள, ஒன் வண்டியில எத்தினி புள்ளைங்க?"

"பதிமூணு மச்சான்."

சார்லஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இரு இரு. இன்னொண்ணு சேந்திருக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் போன் வந்துச்சு. கீரப்பாளையத்துப் புள்ள. அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு இங்க சித்தி ஊட்ல கொணாந்து உட்ருக்காங்க. இப்ப மறுபடி போன் பண்ணாங்க. பாவம், அந்த அம்மா செத்துட்டாங்களாம். பதினாறாம் நாள் கழிச்சி வர்றேன்னாங்க. அதோட சேத்தா பதினாலு."

"அந்த அம்மா பேரு..."

"இருசம்மாளோ என்னமோ சொன்னாங்க."

பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க சார்லஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "வண்டிய ஸ்டார்ட் பண்ணாத மாப்ள" என்றான். "சிலிண்டரு எரிஞ்ச சிலிண்டரு. நான்தான் நம்பரத் தேச்சேன்." அன்றைக்குத் தங்கை போனை வாங்கிப் பேசிய பேச்சை இங்கே அச்சில் போட முடியாது. அத்தனைக்கும் தகுதியானவன்தான்.

இரவு எட்டு மணிக்குள் கழற்றி, கேஸை வெளியேற்றி, அறுத்துப் பார்த்தார்கள். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உப்பி, மெலிந்து போயிருந்தது.

ஒன்று மட்டும் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. மகளை வேனில் சேர்ப்பதைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் பேசவில்லை. சித்தியைக் கேட்டாகிவிட்டது. அக்காவிடம் சொல்லவே இல்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள்.