ஷரோமிக்காக ஜெபித்தவர்கள்: உடுப்பிட்டியில் ஒரு வாரம்

வெள்ளிக்கிழமை, முற்பகல். சென்னையில் நான் ஏறிய சின்ன விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்க ஆகிறது. கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்கு வர அதில் கால்பங்கு நேரம்கூட ஆகவில்லை.

எங்கள் சபையில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பை நான் நடத்துகிறேன். உடுப்பிட்டியில் அதே வேலையைச் செய்பவர் சுகிர்தா. நெல்லியடியில் ஒரு வங்கியில் வேலை. மதுரையில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் பழக்கமானோம். "ஒருக்கா வந்து எங்கடை பிள்ளையளையும் பாருங்கோவன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் எப்படிப் பாடுகிறார்கள், என்ன கேள்வி கேட்கிறார்கள், பெற்றோர் பார்க்காதபோது எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க எனக்கும் ஆசைதான்.

விமான நிலைய வாசலில் சுகிர்தா அனுப்பிய ஆட்டோ நின்றது. ஓட்டுநர் சிவநேசனுக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய திருநீறு. உடுப்பிட்டி இருபது கிலோமீட்டருக்குள், வாடகை மூவாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய். செம்மண் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அச்சுவேலி தாண்டியதும் வீடுகள் சட்டென்று நின்றுபோய் வல்லை வெளி தொடங்கியது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், அதில் நாரைகள். காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது.

"சுகிர்தாவின்ரை கூட்டத்திலை ஒரு பிள்ளைக்கு வருத்தமெல்லே, தெரியுமோ அக்கா? இதய வருத்தம்" என்றார் சிவநேசன்.

"ஐயோ, என்ன வருத்தம்? யாராவது திட்டிட்டாங்களா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வருத்தம் எண்டா நோயக்கா. சின்னனிலை வந்த காய்ச்சலிலை இதயத்திலை ஒரு வால்வு பழுதாப் போச்சு. செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன். அவளின்ரை தகப்பனும் நானும் ஒரே ஸ்ராண்டிலைதான் ஓட்டோ விடுறனாங்கள். போன வெள்ளி சந்நிதி முருகன் கோயிலிலை அவளின்ரை பேருக்கு அர்ச்சனை செய்தனான்."

"அவங்க கிறிஸ்தவங்கதானே?"

"அவையள் அவையின்ரை ஆளிட்டைக் கேப்பினம். நான் என்ரை ஆளிட்டைக் கேக்கிறன். பிள்ளை ஒண்டுதானே" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை, காலை எட்டு மணி. பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு வேனில் மணற்காட்டுக்குப் புறப்பட்டோம். நெல்லியடி, குடத்தனை வழியாக முக்கால் மணி நேரம். கிழக்குக் கரையில் மணல் குன்றுகுன்றாகக் குவிந்து கிடக்கிறது. பழைய தேவாலயம் ஒன்று அதில் பாதி புதைந்து சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்தில் சவுக்குக் காடு.

சிவநேசன் சொன்ன அந்தப் பிள்ளை, ஷரோமி, யாரென்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் மணலில் ஓடியபோது அவள் இரண்டு மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினாள். பதினேழு வயது, மெலிந்த உடம்பு. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். அவளோடு சேர்ந்து நின்று கடலைப் பார்த்த ஒரே பையன் டிலக்சன்.

மத்தியானம் சவுக்கு நிழலில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். பிறகு பாட்டு. டிலக்சன் கிற்றார் வாசித்தான். பிள்ளைகள் கூச்சமில்லாமல், குரல் பிரித்துப் பாடினார்கள். அதுவரை எல்லாம் எங்கள் ஊர் முகாம் போலத்தான். அதன்பின் சுகிர்தா சொன்னார்: "செவ்வாய்க்கிழமை ஷரோமிக்கு ஒப்பரேஷன். இப்ப எல்லாரும் அவளுக்காக ஜெபிப்பம். ஆர் தொடங்கிறியள்?"

தலைகள் குனிந்தன. ஒரு பெண் மணலில் கோடு போட்டாள். டிலக்சன் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கடல் பக்கம் நடந்தான்.

எனக்கு ஆச்சரியம். இவ்வளவு நேரம் இப்படிப் பாடிய பிள்ளைகளா இவர்கள்? சுகிர்தா தணிந்த குரலில் விளக்கினார். போன வருடம் டிலக்சனின் அண்ணன் நிரோஜனுக்கு இரத்தப் புற்றுநோய். இதே பிள்ளைகள்தான் உபவாசமிருந்து, வீடு வீடாகக் கூடி ஜெபித்தார்கள். நிரோஜன் குணமாகிவிடுவான் என்று முழுமையாக நம்பினார்கள். அவன் இறந்துபோனான். செத்த வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், "உங்களிலை ஆருக்கோ விசுவாசம் காணாது, குறைவு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அதுக்குப் பிறகு பாடுவினம், வசனம் படிப்பினம். சுகத்துக்காக மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை" என்றார் சுகிர்தா. "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன்."

அதற்குள் ஷரோமி எழுந்து டிலக்சன் பின்னால் போய்விட்டாள். மணலில் அவ்வளவு வேகமாக அவள் நடக்கக்கூடாது. பயந்து நாங்களும் பின்னால் போனோம். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் எழும்பிப் போனனீ?"

"நான் ஜெபிச்சாச் சரிவராது ஷரோமி. என்ரை அண்ணைக்கு நான்தானே கனக்க ஜெபிச்சது. எனக்குத்தான் விசுவாசம் காணாமப் போட்டுதோ என்னவோ. உனக்கும் ஜெபிச்சு, பேந்து உனக்கும்…"

அவள் மூச்சு சீராகும்வரை நின்றாள்.

"எனக்கு மட்டும் பெரிய விசுவாசம் இருக்கெண்டு நினைக்கிறியோ? பயத்திலை நித்திரை வாறேல்லை. பகலிலை ஆண்டவர் சுகம் தருவார் எண்டு நம்புறன். இருட்டினாப் பிறகு ஒண்டையும் நம்பேலாமக் கிடக்கு. நான் நம்பாத நேரம் நீங்கள் எனக்காக நம்புங்கோ எண்டுதான் கேக்கிறன். சரிவராட்டி அது உன்ரை பிழை இல்லை. அதை நான் இப்பவே சொல்லிப்போட்டன்."

"அதுக்காக என்னத்தைச் சொல்லி ஜெபிக்கிறது?"

"எனக்குத் தெரியேல்லை. எழும்பிப் போகாமலாவது இரு."

அவன் திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தான். அன்று சுகிர்தாவும் நானும்தான் ஜெபித்தோம். பிள்ளைகள் ஆமென் மட்டும் சொன்னார்கள். டிலக்சன் அதுவும் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்குச் சுகிர்தாவும் நானும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். வல்லை, நீர்வேலி, கோப்பாய் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நீர்வேலியில் சாலையோரமெல்லாம் வாழைத் தோட்டங்கள். வேறொரு நாளாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பேன்.

பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் வேப்பமரம் ஒன்றின் கீழ் சிவநேசனின் ஆட்டோ நின்றது. இரத்தம் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். ஷரோமியை எட்டு மணிக்கே உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். மத்தியானத்துக்குள் முடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் வந்து போயிற்று. ஒரு தகவலும் இல்லை. கடையில் தேத்தண்ணி வாங்கினோம், ஆறிப்போனது. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிய பிள்ளைகள் இரண்டரை மணிக்கு மேல் வரத் தொடங்கினார்கள், வெள்ளைச் சீருடையும் முதுகில் பையுமாக. வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கடைசியாக வந்த பஸ்ஸில் டிலக்சனும் இருந்தான். ஆட்டோவில் சாய்ந்து நின்றான்.

மூன்று மணிபோல ஷரோமியின் அப்பா வெளியே வந்தார். காக்கிச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "வால்வைத் திருத்தலாம் எண்டு நினைச்சுத்தான் வெட்டினவையாம். ஏலாதாம். புதுசு வைக்கினமாம். அதுதான் நேரமாகுதாம்" என்று சொல்லிவிட்டுச் சுகிர்தாவைப் பார்த்தார். "இதயத்தை நிப்பாட்டி வைச்சிருக்கினமாம் ரீச்சர்." திரும்பி உள்ளே போய்விட்டார்.

சுகிர்தா ஜெபிக்க வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. நானும் ஜெபிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். எத்தனையோ மேடைகளில் ஜெபித்த எனக்கு, அந்த நேரம் சுகிர்தாவின் தோளைப் பிடித்துக்கொள்ள மட்டுமே முடிந்தது. அப்போது டிலக்சன் பேசினான். கண்ணை மூடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்தபடியே, யாருடனோ சண்டைக்கு நிற்பவன்போலச் சொன்னான்.

"ஆண்டவரே, என்ரை அண்ணைக்குக் கேட்டனாங்கள். நீங்கள் தரேல்லை. எனக்கு உங்களிலை இன்னும் கோவம். எண்டாலும் இப்ப வேறை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? ஷரோமியைச் சுகமாக்கித் தாங்கோ. டொக்டர்மாரின்ரை கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. அவள் பயந்தவள். தனிய விட்டிடாதேங்கோ."

அவன் ஆமென் சொல்ல மறந்துவிட்டான். பக்கத்தில் நின்ற பெண் அதைச் சொன்னாள். பிறகு அவளே தொடர்ந்து ஜெபித்தாள். அவளுக்குப் பிறகு இன்னொரு பையன். ஒரு வருடமாக அடைத்துக் கிடந்தது அந்த வேப்பமர நிழலில் ஒவ்வொருவர் வாயாகத் திறந்துகொண்டது. சிவநேசன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

நாலரை மணி இருக்கும். வாசலில் மறுபடி ஷரோமியின் அப்பா. இம்முறை ஓடி வந்தார். "முடிஞ்சுதாம்! இதயம் தானா அடிக்குதாம்!" சிவநேசன்தான் முதலில் போய் அவரைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் கத்தினார்கள், காவலாளி வந்து அதட்டினார். டிலக்சன் ஆட்டோவின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அந்த அழுகை ஷரோமிக்காகவா, நிரோஜனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மாலை. மறுநாள் எனக்குப் பயணம். தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஷரோமியை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் சுகிர்தா, டிலக்சன், நான் மூவரும் போனோம். முகம் வெளுத்து, உதடு வறண்டு கிடந்தாள். வைத்தது உலோக வால்வு. வாழ்நாள் முழுக்க மாத்திரை எடுக்கவேண்டும், அடிக்கடி இரத்தம் பரிசோதிக்கவேண்டும்.

"கிட்ட வந்து கேள்" என்றாள் டிலக்சனிடம்.

அவன் குனிந்தான். நானும் காதைக் கொடுத்தேன். மெல்லிய, உறுதியான டிக் டிக்.

"மணிக்கூடு மாதிரிக் கேக்குது!"

"ஓம். இனி ஒருத்தரோடையும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடேலாது." சிரித்ததும் நெஞ்சு நொந்து முகத்தைச் சுளித்தாள்.

என்னால் கேட்காமலிருக்க முடியவில்லை. "நீ கேட்ட சுகம் இதுதானாம்மா?"

"இல்லை அன்ரி. ஒப்பரேஷனே இல்லாமல் வருத்தம் மாறோணும் எண்டுதான் முதல் கேட்டனான். இது வேறை மாதிரி வந்திருக்கு. முழுசா எனக்கு விளங்கேல்லை. ஆனா கண் முழிச்சபோது முதல் நினைப்பு, ஆண்டவர் என்னைத் தனிய விடேல்லை எண்டதுதான்."

டிலக்சன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணைக்கு ஏன் இல்லை எண்டு நான் இன்னும் கேப்பன்."

"கேள். நானும் உன்னோடை சேர்ந்து கேப்பன்" என்றாள் ஷரோமி.

சனிக்கிழமை விமானம் மேலே எழும்பியபோது தீபகற்பம் முழுவதும் ஒரு நிமிடத்தில் கண்ணுக்குள் அடங்கிவிட்டது: தண்ணீர், பனைகள், செம்மண் சதுரங்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை வியாதியைப் பற்றிக் கேட்டால் நாங்கள் அவசர அவசரமாகப் பதில் சொல்லிவிடுவோம். கேள்வி முடியுமுன்பே வசனம் தயாராக இருக்கும். உடுப்பிட்டியில் பதில் தெரிந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் பயணத்தைச் சொன்னேன். முடிந்ததும் எல்லாரும் கலைந்துபோனார்கள், ஜெனிபா மட்டும் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

"டீச்சர், அந்த அண்ணனுக்கு ஆண்டவர் மேல இருந்த கோபம் போயிட்டா?"

"தெரியலம்மா. போயிருக்காதுன்னுதான் நினைக்கேன்."

"பிறகு எப்படி ஜெபம் பண்ணினாங்க?"

"கோபத்தோடதான்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி பெஞ்சில் வைத்தாள். "அப்ப நானும் பண்ணலாம்லா?" என்று கேட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.