போனில் வந்து விழுந்த தம்பி

இன்று காலை மிங்கலாடோன் ஊருக்குப் போகும் வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்தார்கள்.

ராணுவத்துக்குப் பிடிக்காத படம் இருந்தால் பிடித்துப் போவார்கள் என்று நான் வீட்டிலேயே எல்லாப் படங்களையும் அழித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். டேட்டாவை அணைக்க மட்டும் மறந்துவிட்டேன்.

போன் ஒரு சிப்பாயின் கையில் இருக்கும்போதே ஒரு படம் வந்து விழுந்தது. முகத்தை மறைத்துக் கண்ணாடி, வாயில் குழாய்.

“யார் இது?”

“என் தம்பி, ஐயா. கரீபியன் பக்கம் சுற்றுலாக் கப்பல்ல துணி துவைக்கிறான். லீவு கெடச்சா கடல்ல முங்கி மீன் பாப்பான்.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“அந்தக் கப்பல்ல இன்னும் ஆள் எடுக்கிறாங்களா?”

தம்பி, சீக்கிரம் விசாரித்துச் சொல். நாளைக்கும் அதே பஸ்தான் எனக்கு.