இரண்டு ஷிஃப்டுக்கு ஒரு ஜோடிக் கண்

அந்த டப்பா என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒட்டிப் பிறந்த இரண்டு சின்னக் கிண்ணங்கள், இடப்பக்க மூடி வெள்ளை, வலப்பக்க மூடி பச்சை. ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஏ ஷிஃப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடியும், பி ஷிஃப்டுக்கு வருகிறவன் இரண்டேகாலுக்குள் கார்டைத் தேய்த்தாக வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில், சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே, வெளியே வருகிறவன் குழாயடியில் கை கழுவி, குனிந்து, தன் கண்ணிலிருந்து இரண்டு லென்ஸையும் எடுத்து டப்பாவில் மிதக்கவிட்டு உள்ளே போகிறவன் கையில் கொடுப்பான். கூடவே சைக்கிள் சாவியையும் கொடுப்பான். ஒரு வாரம் அண்ணன் கொடுப்பார், நான் வாங்குவேன். மறு வாரம் நான் கொடுப்பேன், அவர் வாங்குவார். அந்த டப்பாவின் ஈரம் இன்னமும் என் உள்ளங்கையில் இருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் போகாத ஈரம் அது.

அண்ணன் என்றது ரத்த உறவால் அல்ல. மானாமதுரைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பையோடும் ஒரு டிப்ளமோ சான்றிதழோடும் வந்து இறங்கியபோது, சேரப்பணஞ்சேரியில் ஆறு பேர் இருந்த அறையில் தன் பாயைப் பாதி விட்டுக்கொடுத்தவர். அந்த அறையில் எல்லாமே ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடியது. ஒருவன் எழுந்து போன பாயில் சூடு ஆறும் முன்னே இன்னொருவன் படுப்பான். ஒரே வாளி, ஒரே இஸ்திரிப் பெட்டி, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவனுக்கென்று ஒரே ஒரு நல்ல பெல்ட். விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் கிடையாது, அதனால் ஏ ஷிஃப்ட்காரன் சைக்கிளில் போவான். பகலில் பஸ் உண்டு என்பதால் சைக்கிளைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவான். பி ஷிஃப்ட்காரன் பஸ்ஸில் வந்து, வேலை முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் அந்தச் சைக்கிளில் வீடு சேர்வான். ஒரு சைக்கிள், இரண்டு பேர், ஒரு நாளும் இடறியதில்லை. சைக்கிளுக்குச் சரியாக வந்த ஏற்பாடு கண்ணுக்கும் சரியாக வரும் என்று நினைத்தோம். அவ்வளவுதான் எங்கள் அறிவு.

கார் முன்விளக்கின் முகப்பு மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் மேசை எங்களுடையது. கண்ணாடி அணிந்தவர்களை அந்த மேசையில் உட்கார விடமாட்டார்கள். ட்யூப்லைட் வெளிச்சம் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் கீறல் தப்பிவிடும் என்று ஒரு விதி. அண்ணன் அதற்காகவே லென்ஸ் போட ஆரம்பித்தவர். எனக்குக் கண் பரிசோதனை நடந்த அன்று நான் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றேன். எனக்கும் மைனஸ் மூன்று, அவருக்கும் மைனஸ் மூன்று. ஷிஃப்ட் முடிந்து வந்தவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், தன் கண்ணிலிருந்து கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். "கண்ணைச் சிமிட்டாதடா, லென்ஸு கீழ விழுந்துச்சுன்னா ரெண்டு பேரும் தடவிக்கிட்டுத்தான் ஊரு போயிச் சேரணும்." கடைசி வரிசை எழுத்துவரை படித்தேன். வேலை கிடைத்தது. அவர் கண்ணால் கிடைத்த வேலை.

முதன்முதலாக அந்த லென்ஸோடு சைக்கிள் மிதித்த விடியலை எப்படிச் சொல்வது. பதினோரு வயதிலிருந்து நான் உலகத்தை மூக்குக் கண்ணாடியின் இரண்டு சட்டங்களுக்குள்தான் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்கு வெளியே எல்லாம் கரைந்த சோப்பு. அன்றைக்கு வாலாஜாபாத் சாலையில் விளிம்பே இல்லை. வலப்புறம் ஏரித்தண்ணீர் ஈயத்தகடு மாதிரி கிடந்தது, இடப்புறம் பாதி எழும்பிய தொழிற்சாலைக் கூரைகளின் இரும்பு, எதிரே வரும் மணல் லாரியின் நெற்றியில் எழுதிய சாமி பெயர், எல்லாம் ஒரே நேரத்தில் என்னிடம் வந்தன. தூறல் விழுந்தது. துடைக்க வேண்டியதில்லை. வியர்த்தது. மூக்கிலிருந்து எதுவும் வழுக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டினேன். யாரோ எனக்குப் புதிதாக ஒரு முகம் கொடுத்தது போல இருந்தது. அடுத்தவரின் பொருளில் கிடைக்கும் சந்தோஷம்கூட எவ்வளவு நிறைவாக இருக்கிறது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளூர்க்காரர், அந்தத் தொழிற்சாலை நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் ஏர் ஓட்டியவர். எங்கள் கைமாற்றத்தைத் தினமும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாபா, டெய்லி கண்ண கயட்டி கயட்டிக் குட்த்துகினு கீறீங்கோ? நாளைக்கு மூக்க கயட்டிக் குடுப்பீங்களா?" அண்ணன் விடமாட்டார். "மூக்கு சைஸு வேறண்ணே, இவனுது பெருசு." மூவரும் சிரிப்போம். வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொண்டு டப்டப்பென்று சத்தம் போடும். நான் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் செக்யூரிட்டி ஒருவர்தான் சிரித்துக்கொண்டே சரியானதைச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றும்.

லென்ஸ் ஊறவைக்கும் சொல்யூஷனைத் தாம்பரம் போய்த்தான் வாங்க வேண்டும். ஒரு முறை அவர், ஒரு முறை நான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை. போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு புதுப்பட போஸ்டரைப் பார்த்ததும் மதியக் காட்சிக்குள் நுழைந்துவிட்டேன். வெளியே வந்தபோது கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து கூப்பிட்டிருந்தால்கூட ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். கூப்பிடவில்லை. பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது என்று ஓடி ஏறினேன். அறைக்கு வந்து காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சொல்யூஷன் ஒரு முறை உதட்டில் பட்டு லேசாக உப்புக் கரித்தது ஞாபகம் வந்தது. அறைக் குழாயில் வரும் போர்த் தண்ணீரைப் பிடித்தேன், ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், குலுக்கினேன், மூடியைத் திருகினேன். அடுத்த ஞாயிறு வாங்கிவிடலாம். அடுத்த ஞாயிறு ஓ.டி. வந்தது. இன்னொரு சிட்டிகை போட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் "படத்துக்கா போன, பக்கி" என்று ஒரு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தேன்.

முதல் வாரக் கடைசியில் என் கண் சிவந்தது. ஷெட்டில் டப்பாவை நீட்டியபோது அண்ணன் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "என்னடா, மொளகாப் பழமாட்டம் செவந்துருக்கு?"

"தூசிண்ணே. லாரி மண்ணு."

"லென்ஸ்ல எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் இல்லண்ணே."

அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி அவருக்குத் தெரியாமல் ஊற்றினேன். எனக்கு நாலு நாளில் சரியானது. உடம்புக்கு நியாயம் தெரியாது. அடுத்த வாரம் அவருடைய வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. வெளிச்சம் பட்டால் கத்தினார். சட்டையைத் தலையில் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதையும் சிரித்தே கடக்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியதை நான் பாய்க்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

காஞ்சிபுரத்தில் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பொறுமையான மனிதர். கருவியில் நெடுநேரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டார். "இந்த லென்ஸை வேற யாராவது போடுறாங்களா?" அண்ணன் சட்டென்று இல்லை என்றார். பார்வைக் குறையை மறைத்து அந்த மேசையில் வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். வேலையில் நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. அந்த 'இல்லை' எனக்காக என்று எனக்குப் புரிந்தது. மருத்துவர் விடவில்லை. "தண்ணியில கழுவுனீங்களா? குழாய்த் தண்ணி, கேன் தண்ணி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தண்ணியில ஒரு கிருமி உண்டு. அது ஏறியிருந்தா மருந்தே வேற, இன்னைக்கே ஆரம்பிக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாட்டிலு இவன் பொறுப்பு டாக்டர். நீ சொல்லுடா."

மின்விசிறி சுற்றிய சத்தம், சுவரில் இடவலம் மாறித் தெரிந்த எழுத்துப் பலகை, மருத்துவரின் பேனா முனை காகிதத்தில் காத்திருந்தது, எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. பட்டியல் என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடியது. பத்து நாள். பத்து நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

"சொல்யூஷன்தான் டாக்டர்," என்றேன். "தாம்பரத்துல வாங்குனது."

பேனா எழுதியது.

நான் நிரந்தரமானேன். அண்ணன் அதன்பின் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார். வலது கண்ணின் கருவிழி மேல் கொதித்த பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளை படிந்து அப்படியே நின்றுவிட்டது. ஊருக்குக் கிளம்பிய காலையில் அவரைச் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏற்றினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். க்ளாஸைப் பிடிக்கக் கையை நீட்டியவர் ஓர் அங்குலம் தள்ளிக் காற்றைப் பிடித்தார், தானே சிரித்துக்கொண்டார். "ஒத்தக் கண்ணுக்கு ஆழம் தெரிய மாட்டேங்குதுடா." பஸ் கிளம்பியபோது எனக்கு ஓர் ஆறுதல் வந்ததை நான் மறைக்க முடியாது. போய்விட்டார், இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதே தொழிற்சாலையில் இப்போது தர ஆய்வுப் பிரிவுக்கே நான் பொறுப்பு. மேசையில் உட்காரும் பிள்ளைகள் தப்பைத் தவறவிட்டால் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். போன வருடம் என் மகள், விடிகாலையில் சிநேகிதிகளோடு சைக்கிள் ஓட்டப் போகிறவள், கண்ணாடியில் பனி படிகிறது என்று லென்ஸ் கேட்டாள். கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பெண் அவளுக்குப் போட்டுக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்: "அங்கிள், தண்ணி மட்டும் படவே கூடாது. யாருக்கும் மாத்திப் போடக் குடுக்கக் கூடாது. ஜாக்கிரதையா பாத்துக்கோங்க." தலையாட்டினேன். மகள் கடை வாசலுக்கு ஓடி, சாலையின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து, "அப்பா, ஓரமே இல்லப்பா!" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே மானாமதுரைக்கு டிக்கெட் எடுத்தேன்.

அண்ணன் மாவு மில் வைத்திருக்கிறார். புருவம், காது மடல், எல்லாம் அரிசி மாவு. என்னைக் கண்டதும் கத்திக் கூப்பிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டார், நான் பேச வருவது தெரிந்து மோட்டாரை நிறுத்தினார். பெல்ட் படபடத்து ஓய்ந்தது. சொல்ல வேண்டும் என்று ரயிலில் அடுக்கி வைத்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்துபோக, படம், ஷட்டர், குழாய்த் தண்ணீர், உப்பு என்று முன்னுக்குப் பின்னாக உளறினேன். அவர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா," என்றார். "சொல்யூஷன் வழவழன்னு இருக்கும். இது வெரல்ல தொட்டா தண்ணி. நாக்குல வச்சுப் பாத்தேன், அடுப்படி உப்பு. சரி, ஷிஃப்டுக்கு நேரமாச்சு, இவன் வாங்கியாந்துருவான்னு போட்டுக்கிட்டேன். இதெல்லாம் கண்ணைப் பிடுங்கும்னு நமக்கென்ன தெரியும்."

"அப்ப டாக்டர் கேட்டப்ப ஏண்ணே நீங்க சொல்லல?"

"ஒன்னையத்தானடா சொல்லச் சொன்னேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "அடுத்த வாரம் நானே போயிச் சொல்லிட்டேன். மருந்தை மாத்திக் குடுத்தாரு. அதுக்குள்ள..." என்று மாவுக் கையை லேசாக விரித்தார். அத்தனை வருடமும் நான் ஒளித்து வைத்திருந்தது அவர் வீட்டில் எப்போதோ பேசி முடித்த பழைய பேச்சு. சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறும்போதும் அவருக்குத் தெரியும். அந்த டீயைத் தெரிந்துதான் குடித்தார்.

நான் தலை குனிந்திருந்தேன். அவர் என்னைத் தேடுவது போல முகத்தை முழுக்கத் திருப்பினார்.

"இங்கிட்டு வந்து ஒக்காருடா. அந்தப் பக்கம் இருந்தா நீ பேசுறது மட்டுந்தான் கேக்குது, ஆளு தெரியல."

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய வலப்புறத்தில், மாவு மூட்டையின் மேல், நானாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். எனக்காக அவர் இழுத்துப் போட்ட நாற்காலி இடப்புறத்தில் காலியாகக் கிடந்தது.