தனக்கும் லாபம் உண்டு என்றவர்

விமலா மேடம் இறந்துவிட்டார் என்று ஹைதராபாத்திலிருந்து என் பேத்தி கயல் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. "யார்டி சொன்னது?" என்றேன். "காலேஜ் குரூப்புல போட்டிருக்காங்க, ஆயா" என்று அழுதாள். குரூப்பில் வருகிறதையெல்லாம் நம்புகிறவள் நான் இல்லை. பாகூரிலிருந்து பஸ் மாறி வில்லியனூர் போய், அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அவரிடம் இங்கிலீஷ் இலக்கியம் படித்த நீங்களெல்லாம் இந்த நினைவு மலரில் நல்லதாக எழுதுவீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், முதலிலிருந்தே அவரைச் சந்தேகப்பட்டவள். அதையே எழுதுகிறேன்.

அவர் பாடம் நடத்திய விதம் உங்களுக்குத் தெரியும். வகுப்பில் படித்த வெளிநாட்டுக் கதையை வீட்டில் யாருக்காவது நம் பேச்சில் சொல்ல வேண்டும். கேட்டவர் என்ன கேள்வி கேட்டார் என்று மறுநாள் வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான்தான் அகப்பட்டேன். எங்கள் வீட்டுப் பேச்சு இந்த அம்மாவுக்கு எதற்கு? நிலம், சொந்தம், கல்யாணப் பேச்சு எல்லாம் இந்த வழியாகவே வெளியே போய்விடுமோ என்று உறுத்தல். வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நினைத்தேன். கயல் சொன்ன கதை என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

பனி பெய்கிற ஊரில் ஒரு கிழவி. கப்பலுக்குப் போன மகன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அவளும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறாள். மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே கேட்ட நான், "அவன் அவ புள்ளையே இல்லடி. வந்ததும் அப்பன் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியே!" என்றேன்.

மறுநாள் மேடத்தின் பதில் வந்தது. "நல்ல சந்தேகம்னாங்க, ஆயா. ஆனா வரியைக் காட்டச் சொல்றாங்க. அவன் அப்பன் படத்தைப் பார்த்து அழுதான்னு ஒரு வரி இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. "அழுவறது இன்னா பெரிய வித்தையா? நல்லா படிச்சிப் பாருடி!" கயல் உட்கார்ந்து முழுக் கதையையும் மறுபடி சொன்னாள். எனக்கு வேண்டிய வரி அதில் இல்லை.

கயல் பி.ஏ. முடித்ததும் ஹைதராபாத்தில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்தது. அனுப்ப மாட்டேன் என்றான் என் மகன். பிறகு, "ஆயா சரின்னா சரி" என்று என் தலையில் கட்டினான். மேடமே எங்கள் வீடு தேடி வந்தார்.

"இவள அவ்ளோ தூரம் அனுப்பறதுல உங்களுக்கு இன்னா லாபம்?" என்று கேட்டேன்.

"எம்மா, சும்மா இரேன்" என்று நெளிந்தான் மகன்.

ஒரு லாபமும் இல்லை என்று சொல்லியிருந்தால் காப்பியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். மேடம் சிரித்தார். "இருக்குதும்மா. நான் ரிட்டயர் ஆவப்போறேன். என் வகுப்புல நிக்க நம்ம பக்கத்துப் பொண்ணு ஒருத்தி வேணும். இந்த ஊர்ப் பேச்சு தெரியாதவங்க வந்தா, உங்க கேள்வியெல்லாம் வகுப்புக்குள்ள வராது. இவ படிச்சிட்டுத் திரும்பி வரணும். அதான் என் லாபம்."

"வரலன்னா?"

"எனக்கு நஷ்டம்தான்."

அன்றே டிக்கெட் போடச் சொன்னேன்.

பந்தலில் ஒருவர் மைக் பிடித்து, "யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதவர் நம் மேடம்" என்று பேசினார். "யார் சொன்னது? எங்க கயல எதிர்பார்த்தாங்களே!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைக் கிள்ளினார். கிள்ளட்டும்.

வீட்டுக்கு வந்து கயலுக்குப் போன் போட்டேன். மேடம் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"கண்டிப்பா திரும்பி வந்துடுவேன், ஆயா" என்று தேம்பினாள்.

"அழுவறது இருக்கட்டும்டி. வரியைக் காட்டு."

சந்தேகம் என்னோடு பிறந்தது. அதற்கு ஆதாரம் கேட்கப் பழக்கியவர் மேடம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

போனில் கயல் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "வகுப்புல வந்து நின்னு காட்டறேன், ஆயா" என்றாள்.

சரி என்றேன். நம்புகிறேன் என்று சொல்லவில்லை.