கேட்டில் நின்றவர்

இராயபுரத்துப் பட்டறையில் ஆள் குறைத்தபோது, எங்கள் சட்டையிலிருந்து நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டவர் பட்டறைக் கேட் காவலாளிதான். காக்கிக் கோட்டு, வெற்றிலைக் கறையேறிய மீசை. யார் உள்ளே போனாலும் வில்லையைப் பார்த்து நம்பரை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வேலை போனவர்களுக்குத் தொழிலாளர் சங்கத்தில் அரிசி கொடுத்தார்கள். வில்லையைக் காட்டினால்தான் அரிசி என்றார் சங்கத்துக் குமாஸ்தா. வேலையோடு அதையும் பிடுங்கிக்கொண்டார்களே என்றோம். அப்படியானால் பட்டறை ஆள் யாராவது வந்து சாட்சி சொல்லட்டும் என்றார். உள்ளே இருப்பவன் எவன் வருவான்? என் வீட்டில் உலை வைத்து இரண்டு நாளாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் காவலாளி கோட்டோடு வந்து குமாஸ்தா பக்கத்தில் நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு நம்பராகச் சொன்னார். என் முறை வந்தது.

"முந்நூத்தி ஏழு. பாய்லராண்ட வேலை. நெதம் நேரம் கழிச்சித்தான் வருவான்."

"உனக்கு வேலை பூடும், நைனா," என்றேன்.

"பின்னால ஆளு நிக்குது, நவுரு."

அடுத்த வாரம் அவர் கோட்டில்லாமல் வரிசையின் கடைசியில் நின்றார். சாட்சி சொல்ல நாங்கள் முண்டியடித்துக்கொண்டு போனோம்.

"அவரு வாயத் தொறக்கக் கூடாது, ஏற்கெனவே பதிஞ்ச நீங்கதான் சொல்லணும்," என்றார் குமாஸ்தா. "அவரு பேரு இன்னா?"

அவர் பேரை நாங்கள் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. காவலாளி குனிந்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எந்த நம்பரைச் சொன்னாரோ தெரியவில்லை. கேட்டில் நிற்பவருக்கு வில்லையே கிடையாது.