கணிதம் படித்தால் இப்படித்தான் ஆவாய்

உங்களை யாராவது கெட்ட உதாரணமாகக் காட்டியிருக்கிறார்களா? என்னைக் காட்டினார்கள். போன வருடம், மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாமாவின் ஃபோன் கடையில், பட்டப்பகலில், கஸ்டமர்களுக்கு முன்னால்.

நான் கணிதத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தவள். சொந்த ஊரான பேசாலைக்குத் திரும்பி வந்து, கண்ட கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுச் சலித்து, கடைசியில் மாமாவின் கடையில் ஃபோன்களுக்குக் காசு ரீலோட் போட்டுக்கொண்டும் ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டும் இருந்தேன். ஓ.எல் பரீட்சை ரிசல்ட் வந்த கிழமை அது. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான அன்ரி ஒருவர், முள்ளிக்குளத்தில் இருந்து மகளை இழுத்துக்கொண்டு வந்தார். மகளுக்குக் கணக்கில் ஏ. அடுத்து உயர்தரத்தில், அதுதான் ஏ.எல்லுக்கு, மற்ஸ்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். அதற்கு மன்னாரில் ஹொஸ்டலில் தங்க வேண்டும். அன்ரிக்குத் துளியும் விருப்பமில்லை.

"நல்லாப் பார்," என்றார் மகளிடம். "இந்த அக்காவும் மற்ஸ்தான். கம்பஸ்ல கவுன் போட்டு, தொப்பி வைச்சுப் படமெல்லாம் எடுத்தவ. இப்ப என்ன செய்யிறா?"

"கண்ணாடி ஒட்டுறன் அன்ரி. உங்கட ஃபோனுக்கும் ஒட்டவோ?"

கடையே சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை.

"பகிடி விடாத பிள்ளை. இவளுக்குப் புத்தி சொல்லு. ஆர்ட்ஸ் படிச்சு ரீச்சரா வரட்டும்."

சொல்லியிருப்பேன். எனக்கே என் மேல் அவ்வளவு கடுப்பு. அதற்குள் அவள் கேட்டாள்.

"அக்கா, முடிவிலியிலயும் பெரிசு சின்னன் இருக்காம். யூடியூப்பில பார்த்தனான். உண்மையோ?"

கம்பஸை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வேலை கிடைத்ததா, கலியாணம் எப்போது, ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது, திருத்தலாமா. இவ்வளவுதான் கேள்விகள். என் கை தன்பாட்டில் ஒரு கவர் பெட்டியைக் கிழித்தது. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்கிற எண்களை எப்படி வரிசையில் நிறுத்தினாலும், ஒன்று வெளியே நிற்கும் என்று அதில் எழுதிக் காட்டினேன். அவள் பேனாவைப் பறித்தாள்.

"அப்ப அதையும் வரிசையில சேர்த்தால்?"

"சேர். இன்னொண்டு வெளியில நிக்கும்."

கம்பஸில் கரும்பலகைக்கு முன்னால் நானும் கூடப் படித்தவர்களும் தொண்டை கிழியச் சண்டை பிடித்த பின்னேரங்கள் எல்லாம் ஒரேயடியாக நெஞ்சுக்குள் வந்துவிட்டன. ரீலோட் போட வந்தவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

"திரும்ப முதல்ல இருந்து படிக்கிறதெண்டா என்ன எடுப்பீங்கள் அக்கா?"

"மற்ஸ்," என்றேன். யோசிக்கவே இல்லை.

அன்ரி மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். "புத்தி சொல்லச் சொன்னா, இது தானே இன்னும் திருந்தேல்ல."

கணிதம் நல்ல வேலை தருமா, நல்ல வாழ்க்கை தருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து, குனிந்து கண்ணாடி ஒட்டும்போதெல்லாம், அப்படி ஒரு கேள்வியோடு யாராவது வரமாட்டார்களா என்று கண் வாசலுக்குப் போகிறது.

அவள் இப்போது ஆர்ட்ஸ் படிக்கிறாள்.